2006 ஃபோர்டு எஃப்-150 பிக்கப்: புது எரிபொருள் பம்ப் போட்டும் ஓட்டத்தில் அணைகிறது

பம்ப்பை மறுபடி கழற்றாதீர்கள். புதுப் பம்ப் போட்டும் ஓட்டத்தில் அணைகிறது, அரை மணி ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது, ஸ்கேனரில் பி1233 (பம்ப் மாட்யூல் செயல்படவில்லை என்ற பிழைக் குறியீடு) வருகிறது என்கிறீர்கள். பம்ப்பை இயக்கும் கன்ட்ரோல் மாட்யூலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2004–2008 வண்டிகளில் அது ஸ்டெப்னிக்கு மேலே, ஃபிரேமின் குறுக்குச் சட்டத்தில் இருக்கிறது. அதன் அலுமினிய முதுகு இரும்போடு ஒட்டி உட்கார்ந்திருப்பதால், பனிக்காலச் சாலை உப்புநீர் இடுக்கில் தேங்கி அரித்து ஓட்டை போட்டுவிடும். ஈரம் நேரே சர்க்யூட்டுக்குப் போகும். மோசமான வடிவமைப்பு. ஸ்டெப்னியை இறக்கி, மாட்யூலைக் கழற்றி முதுகைப் பாருங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது.

மல்டிமீட்டர் சோதனையை வண்டி அணைந்த அந்த நேரத்திலேயே செய்யுங்கள். ஆறிய பிறகு எல்லாம் சரியாகவே காட்டும்.

1. மாட்யூலின் கனெக்டர் மாட்டியபடி சாவியை ஆன் செய்யுங்கள். சப்ளை வயரில் பேட்டரி வோல்டேஜ் வர வேண்டும். வராவிட்டால் ரிலேயையும், பயணி கால்பக்கத்தில் இருக்கும், மோதலில் பம்ப்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்சையும் பாருங்கள்.

2. சப்ளையும் கிரவுண்டும் சரி, ஆனால் சாவி போட்ட முதல் இரண்டு வினாடியில் பம்ப்புக்குப் போகும் வயர்களில் வோல்டேஜ் எதுவுமே வரவில்லை என்றால் மாட்யூலை மாற்றலாம்.

ஒரு எச்சரிக்கை: என்ஜின் கம்ப்யூட்டரிலிருந்து வரும் கட்டளை வயர் அறுந்திருந்தாலும் இதே அறிகுறிதான். மாட்யூல் வாங்குமுன் அந்த வயர் அறுபடாமல் இருக்கிறதா என்று மீட்டரில் சோதியுங்கள்.

புதியதைச் சட்டத்தோடு ஒட்டி முடுக்க வேண்டாம். உடன் வரும் ஸ்பேசர்களைப் போட்டுக் காற்று இடைவெளி விடுங்கள்.