பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது. ரியர் மெயின் சீல் (கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஆயிலை அடைத்து வைக்கும் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் பானெட்டைத் திறந்து சிலிண்டர் ஹெட்டின் பின்முனையைப் பாருங்கள்.

இங்கிலாந்தில் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 (1989 முதல் 1997 வரை வந்தது) ஒன்றை வைத்திருக்கிறேன். இந்த காரில் அந்த இடத்தில் சொட்டினால் என் முதல் சந்தேகம் கேம் ஆங்கிள் சென்சாரின் (கேம் ஷாஃப்டின் நிலையைக் காட்டும் சென்சார்) ஓ-ரிங் மேல்தான் விழும். சென்சார் ஹெட்டின் பின்பக்கம், ஃபயர்வாலை (இன்ஜினையும் உள்ளே உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகடு) ஒட்டி இருக்கிறது. அதிலுள்ள ரப்பர் வளையம் வருஷக்கணக்காகச் சூட்டில் கிடந்து, இறுகித் தட்டையாகிவிடும். அப்புறம் ஆயில் கசிந்து பிளாக்கின் முதுகு வழியாக இறங்கி, பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கியர்பாக்ஸின் முன்பகுதி) மேல் ஓடி, அடியில் சொட்டும். கீழே இருந்து பார்த்தால் அச்சு அசலாக ரியர் மெயின் சீல் லீக்தான். காரை லிஃப்டில் ஏற்றிப் பார்த்த மெக்கானிக்கைக் குறை சொல்லவும் முடியாது.

உறுதி செய்வது எளிது. டீகிரீசர் போட்டு இன்ஜினின் பின்பக்கத்தையும் பெல் ஹவுசிங்கையும் நன்றாகத் துடைத்துவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பாருங்கள். சென்சாருக்குக் கீழே ஈரம் இருந்தால் விஷயம் முடிந்தது. வால்வு கவர் கேஸ்கெட்டின் பின் மூலையும் இதே வழியில் ஒழுகும், அதையும் பார்த்துவிடுங்கள். மேலே எல்லாம் காய்ந்திருந்து பெல் ஹவுசிங்கின் அடியில் மட்டும் ஈரம் என்றால் அப்போது மெக்கானிக் சொன்னதை யோசிக்கலாம். அப்போதும் மோந்து பாருங்கள். கந்தக நாற்றம் அடித்தால் அது கியர் ஆயில், இன்ஜினுக்குச் சம்பந்தமில்லை.

ஓ-ரிங் விலை ஒரு காபிக் காசுதான். கஷ்டம் கை நுழைவதில். சென்சாரைப் பிடித்திருப்பது ஒரே போல்ட், அதுவும் ஃபயர்வாலுக்கும் ஹெட்டுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். கழற்றும் முன் சென்சாரும் ஹெட்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சென்சார் கொஞ்சம் திரும்பினாலும் இக்னிஷன் டைமிங் மாறிவிடும். புது வளையத்தில் ஆயில் தடவி மாட்டி, பழைய கோட்டில் நிறுத்துங்கள். அதோடு விட்டுவிடாமல், டயக்னாஸ்டிக் பெட்டியில் டென் (TEN), கிரவுண்ட் (GND) என்ற இரண்டு முனைகளையும் ஒரு வயரால் இணைத்து, ஐடிலில் டைமிங் லைட்டால் பாருங்கள். 10 டிகிரி இருக்க வேண்டும்.

அவசரமா என்றால், லீக்கின் அளவைப் பொறுத்தது. இங்கே எம்ஓடி சோதனையில் (வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) 5 நிமிடத்துக்குள் 75 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக ஆயில் தேங்கினால் ஃபெயில். இரவில் நாலு சொட்டு விழுவதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. ஆயில் அளவை மட்டும் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே ரியர் மெயின் சீல்தான் என்றால் கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் வெளியே வந்தாக வேண்டும். கூலிதான் பெரிய செலவு என்பதால் கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் அதே கையோடு மாற்றச் சொல்லுங்கள். பழைய சீலை நெம்பும்போது கிராங்க் ஷாஃப்டில் கீறல் விழுந்தால் புது சீலும் ஒழுகும். அப்படியே பிசிவி வால்வையும் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) கழற்றிக் குலுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். அது அடைத்திருந்தால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, எந்த சீல் போட்டாலும் ஆயிலை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.