யாரும் பார்த்ததில்லையா?

வணக்கம் சார்,

குடியாத்தத்தில் ஒரு தனியார் பள்ளியில் என் மகள் எட்டாவது படிக்கிறாள். பள்ளியிலேயே தருகிற கூடுதல் அறிவியல் புத்தகத்தில் பூமிக்கு வயது ஆறாயிரம்தான், புதைபடிவங்கள் எல்லாம் பெருவெள்ளத்தில் புதைந்தவை, பரிணாமத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்று போட்டிருக்கிறது. கேட்டால் அதுவும் ஒரு கருத்துதானே என்கிறார் டீச்சர். பரீட்சையில் அப்படியே எழுதச் சொல்லட்டுமா?

*

அன்புள்ள நண்பருக்கு,

படித்ததும் கோபம்தான் வந்தது. வீட்டிலோ கோயிலிலோ சர்ச்சிலோ யார் எதை நம்பினாலும் எனக்குச் சண்டை இல்லை, ஆனால் அறிவியல் வகுப்பில் சொல்கிற எதையும் பிள்ளைகள் சோதித்துப் பார்க்க வழி இருக்கவேண்டும், இந்தப் புத்தகம் அந்த வழியையே அடைக்கிறது. வேலூரைச் சுற்றியுள்ள மலைப்பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. பாறைக்குள் இருக்கும் யுரேனியத்தில் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து போடுகிற கணக்கு அது. இதில் கருத்துக்கு எங்கே இடம்?

யாரும் பார்த்ததில்லை என்பதும் தவறு. 1986-ல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளை நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்ஐவி இருப்பதே தெரியவந்தது. அந்த வைரஸ் ஒரே நோயாளியின் உடம்புக்குள்ளேயே மாறிக்கொண்டு போகும். ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் அதற்குச் சாகாத வகை மிஞ்சி, அதுவே பெருகிவிடும். அதனால்தான் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பரிணாமம் என்பது இதுதான். ஆறாயிரம் ஆண்டும் பெருவெள்ளமும் பைபிளை வைத்துச் சொல்வது; சிஎம்சியே ஒரு கிறிஸ்தவ மிஷன் ஆஸ்பத்திரிதான் என்பதையும் அந்த டீச்சரிடம் சொல்லுங்கள்.

பழியை ஒரு மதத்தின் தலையில் மட்டும் போடவும் முடியாது. குரங்கு மனிதனானதை நம் முன்னோர் யாரும் பார்க்கவில்லை என்று 2018-ல் பேசியவர் அப்போது மத்திய இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங். 2023-ல் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தையே எடுத்துவிட்டது. 1,800 பேருக்கு மேல், விஞ்ஞானிகளும் ஆசிரியர்களுமாக, எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

சரி, பரீட்சை. பொய்யை எழுதி மார்க் வாங்கு என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். 'இந்தப் புத்தகத்தில் சொல்லியிருப்பது' என்று தொடங்கி எழுதட்டும், மார்க் போனால் போகட்டும். தமிழ்நாட்டுப் பாடநூலில் பத்தாம் வகுப்பு அறிவியலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் பற்றி முழுப் பாடமே இருக்கிறது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், இறக்கிக் கொடுங்கள். அப்புறம் இன்னும் நாலு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு பள்ளி நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்: இந்தப் புத்தகத்தை எழுதியது யார், இது எந்தப் பாடத்திட்டத்தில் வருகிறது? பதில் வராவிட்டால் அதே கடிதத்தின் நகலை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.