கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால்...

கேள்வி: என் 4 வயது மகன் தாத்தாவின் சுண்ணாம்புப் பாக்கெட்டை அழுத்தியதில், அது பிதுங்கி வலது கண்ணில் தெறித்துவிட்டது. பெரியவர்கள் சொன்னபடி தாய்ப்பால் விட்டு, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே கழுவி, சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் செய்தது சரியா? இனி எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஓடியது சரி; கழுவாமல் ஓடியதுதான் தவறு. சுண்ணாம்பு காரம். அமிலம் பட்டால் திசுவிலுள்ள புரதம் உறைந்து ஓரளவு தடுப்பாக நிற்கும். காரம் அப்படியல்ல, திசுவைக் கரைத்தபடி உள்ளே இறங்கிக்கொண்டே போகும். நாலு சொட்டுத் தாய்ப்பால் அதை என்ன செய்யும்? விளக்கெண்ணெயும் வேண்டாம். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சை பிழிவது இன்னும் மோசம்.

வேண்டியது குழாய்த் தண்ணீர். பிள்ளையைத் துண்டில் கைகளோடு சேர்த்துச் சுற்றி, பட்ட கண் கீழ்ப்பக்கம் வரும்படி தலையைச் சாய்த்து, இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகச் செம்பால் ஊற்ற வேண்டும். 30 நிமிடமாவது. கத்துவான், விடக்கூடாது. கீழிமைக்குள் கட்டி தெரிந்தால் ஈரப் பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

சுண்ணாம்பு பசைபோல ஒட்டிக்கொள்வதுதான் பெரிய தொல்லை. மேலிமையின் அடிமடிப்பில் ஒரு துணுக்கு தங்கினாலும் காரம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் மரப்பு மருந்து விட்டு, இமையை இரண்டு மடிப்பாகப் புரட்டிப் பார்க்கிறோம். கண்ணில் காரம் மிச்சமிருக்கிறதா என்று காட்டும் pH தாள் 7-க்குப் (காரமும் அமிலமும் இல்லாத நடுநிலை) பக்கத்தில் காட்டும்வரை லிட்டர் கணக்கில் சலைன் ஓட்டுகிறோம். உங்கள் பையனுக்கு இமையைப் புரட்டிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் இன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண் சிவந்தால் எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்குப் பயம், கருவிழியைச் சுற்றி வெளுத்துப்போன கண்ணைப் பார்த்தால்தான். ரத்தக்குழாய்கள் கருகியதன் அடையாளம் அது. கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் செல்களும் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. வெளுப்பு, கருவிழி மங்குவது, வெளிச்சத்தில் கண் திறக்காதது, இமை விழியோடு ஒட்டி இழுப்பது, இதில் எது தெரிந்தாலும் மறுபரிசோதனைத் தேதி வரை காத்திருக்காதீர்கள்.

கொடுத்த சொட்டில் ஸ்டீராய்டு இருந்தால் நீங்களாக நிறுத்தவோ நீட்டிக்கவோ கூடாது; நீட்டித்தால் கண்ணழுத்தம் ஏறலாம். மரப்புச் சொட்டை வீட்டில் விடவே கூடாது. 4 வயதில் ஒரு கண் மங்கிக் கிடந்தால் மூளை அதைப் பயன்படுத்தாமலே பழகிவிடும் என்பதால், புண் ஆறிய பிறகும் இரு கண்களின் பார்வையையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

தாத்தாவின் சுண்ணாம்பை இன்றே மூடி போட்ட எவர்சில்வர் டப்பிக்கு மாற்றுங்கள். பாக்கெட்டின் வாய் காய்ந்து அடைத்திருந்தால், அழுத்தும்போது எந்தப் பக்கம் கிழியும் என்று சொல்ல முடியாது.