வாசகர் கேள்வி – பதில்: எந்த வண்டி முதலில் மாற வேண்டும்?

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் மூன்று சிஎன்ஜி (அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு) வேன்கள் வைத்திருக்கிறேன். 2002-இல் டீசலை விடச் சொன்னார்கள், விட்டோம். இப்போது மின்வண்டிக்கு மாறச் சொல்கிறார்கள். மாநில அரசு ஏன் இப்படி மாற்றிக்கொண்டே இருக்கிறது? நான் மாறலாமா?
– வேன் உரிமையாளர், ஆர்.கே.புரம், புதுதில்லி

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. டெல்லியின் பேருந்துகள் அனைத்தும் 2001 மார்ச் 31-க்குள் சிஎன்ஜிக்கு மாற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998 ஜூலை 28 அன்று ஆணையிட்டது. ஆணை வந்த வேகத்தில் எரிவாயு நிலையங்கள் வரவில்லை. எரிவாயு நிலையத்துக்கு வெளியே ராத்திரி முழுவதும் ஆட்டோக்கள் வரிசை கட்டி நின்றதையும், ஓட்டுநர்கள் பின்சீட்டில் காலை மடக்கிப் படுத்திருந்து, முன்வண்டி நகர்ந்ததும் எழுந்து தம் வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு போனதையும் அந்நாளில் இங்கிருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2002 ஏப்ரலில் நீதிமன்றம் டீசல் பேருந்து ஒன்றுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாயும், 30 நாள்களுக்குப் பிறகு 1,000 ரூபாயும் அபராதம் விதித்த பின்னரே மாற்றம் வேகம் பிடித்தது. அவ்வாண்டு டிசம்பரில் நகரப் பேருந்துகளில் டீசல் ஒழிந்தது. எரிபொருள் கிடைக்க வழி செய்யாமல் வண்டியை மட்டும் மாற்றச் சொன்னால் அந்தச் சுமை ஓட்டுநரின் தூக்கத்தில்தான் விழும் என்பதை மாநில அரசுகள் அப்போதே கற்றிருக்க வேண்டும்.

ஆயினும் அன்று எடுத்த ஒரு முடிவு மிகச் சரியானது. பேருந்து, ஆட்டோ, டாக்சி என்று நாள் முழுவதும் ஓடுகிற வண்டிகளை முதலில் மாற்றினார்கள். சிஎன்ஜி கரும்புகையைப் பெருமளவு ஒழித்தது. ஆனால் காற்றைக் கெடுக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள் அதிலும் வெளிவருகின்றன, வண்டிகளின் எண்ணிக்கையோ பன்மடங்கு பெருகிவிட்டது. மின்வண்டிக்கான இந்த இரண்டாம் மாற்றத்துக்கு அதுவே காரணம். புதிதாகப் பதிவாகும் வண்டிகளில் நான்கில் ஒன்று 2024-க்குள் மின்வண்டியாக வேண்டும் என்று டெல்லி அரசின் 2020 ஆகஸ்ட் கொள்கை இலக்கு வைத்தது. 2023 நவம்பரில் அறிவித்த திட்டத்தின்படி, 25 அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகளை இயக்கும் வாடகைக் கார், பொருள் விநியோக நிறுவனங்கள் 2030 ஏப்ரல் 1-க்குள் முழுவதும் மின்வண்டிக்கு மாற வேண்டும். மூன்று வேன் வைத்திருப்பவரை விட்டுவிட்டுப் பெரிய நிறுவனத்திலிருந்து தொடங்கியதை நான் மனமார வரவேற்கிறேன்.

உங்கள் தொழிலுக்கு மின்வேன் பொருந்தும். தினமும் ஒரே தடம், காலையும் பிற்பகலும் ஓட்டம், நடுப்பகலில் ஓய்வு; அந்த நேரத்தில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் வாங்குவதற்கு முன், வண்டி நிற்கும் இடத்தில் உங்கள் பெயரில் மீட்டர் உண்டா, அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு என்று மின்கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள். அரசுக் குடியிருப்பில் மாடியிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டுச் சார்ஜ் ஏற்றுவது ஆபத்து. குளிரில் பேட்டரி தரும் தூரமும் குறையும். ஆகவே மூன்றில் மிகப் பழைய வேனை மட்டும் மாற்றி, ஒரு டிசம்பர், ஜனவரி ஓட்டிப் பார்த்து, மற்ற இரண்டைப் பற்றி முடிவெடுங்கள்.

கேள்வி: எங்கள் பெட்ரோல் கார் ஆறு ஆண்டு பழையது. கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் எடுக்கிறோம். மின்காருக்கு மாற்றிவிடலாமா?
– வாசகி, மயூர் விஹார்

பதில்: வேண்டாம். மாதத்தில் சில நாள் மட்டும் ஓடும் காரை மாற்றுவதால் காற்றுக்குக் கிடைக்கும் நன்மை சொற்பம்.

கேள்வி: மின்சாரமே நிலக்கரியிலிருந்து வரும்போது மின்பேருந்தால் என்ன பயன்?
– வாசகர், கரோல் பாக்

பதில்: பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரின் மூக்குக்கு நேரே புகை வராது, அந்தப் பயன் உடனடியானது. டெல்லிக்குள் நிலக்கரி எரித்த பதர்பூர் நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டுவிட்டது. ஆனால் நமக்கான மின்சாரத்தில் ஒரு பகுதி உத்தரப் பிரதேசத்தின் தாத்ரியிலும் ஹரியாணாவின் ஜஜ்ஜரிலும் நிலக்கரி எரித்தே வருகிறது. அங்கேயும் குழந்தைகள் இருக்கிறார்கள். அனல்மின் நிலையங்கள் வெளிவிடும் கந்தக டை ஆக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு 2015 டிசம்பரில் விதித்த வரம்பின் காலக்கெடு பலமுறை தள்ளிப்போடப்பட்டது. மின்பேருந்து கேட்டு அரசுக்கு எழுதுகிற நாம், அதே கடிதத்தில் இந்த வரம்பை நடைமுறைப்படுத்தவும் கேட்க வேண்டும்.