பதில்: பிளாஸ் ஒன் இதழ் படங்களைத் திருப்பி அனுப்பிவிட்டது, என்ன செய்வது?

வணக்கம். பிளாஸ் ஒன் என்ற ஆய்விதழுக்கு எக்செல் வரைபடங்களை வேர்டில் ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். தரம் போதாது என்று திரும்பியதும் ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) என மாற்றினீர்கள், அதுவும் திரும்பிவிட்டது. இது நிராகரிப்பு அல்ல. கட்டுரை இன்னும் மதிப்பாய்வாளர் கைக்கே போகவில்லை.

டிபிஐ எண்ணை மட்டும் மாற்றினால் பிக்சல் எண்ணிக்கை அதிகமாகாது. உங்கள் படம் 600 பிக்சல் அகலம். 300 டிபிஐயில் அது 2 அங்குலம்தான். அவர்கள் கேட்பது 789 முதல் 2250 பிக்சல் அகலம், உயரம் 2625க்குள், கோப்பு 10 எம்பிக்குள். இருக்கிற படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் அச்சு எழுத்தெல்லாம் மங்கிப்போகும்.

எக்செலில் வரைபடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். ஜிம்ப்பில் அதைத் திறக்கும்போதே ரெசல்யூஷன் 300 கொடுங்கள். வெள்ளை ஓரத்தை வெட்டி, அகலம் 2250 பிக்சலைத் தாண்டினால் அதற்குள் குறைத்து, லேயர்களை ஒன்றாக்கி, எல்இசட்டபிள்யூ என்ற தரம் குறையாத சுருக்கத்துடன் டிஃப் (TIFF) படக் கோப்பாக்குங்கள். லேயரை ஒன்றாக்காவிட்டால் ஆல்ஃபா சேனல் (ஒளி ஊடுருவும் தகவல்) ஒட்டிக்கொண்டு வரும், அது கூடாது. எழுத்து ஏரியல், 8 முதல் 12 புள்ளி.

வேர்டு கோப்பில் படங்கள் இருக்கக் கூடாது. படவிளக்கம் மட்டும், அந்தப் படத்தை முதலில் குறிப்பிடும் பத்திக்கு அடுத்து.

இன்னொன்று, இது அடுத்த தடவை திருப்பக்கூடியது: “கேட்டால் தரவு தருகிறோம்” என்ற வரி அங்கே செல்லாது. ஜெனோடோ என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் தரவை ஏற்றி, அது தரும் டிஓஐ எண்ணை (நிலையான அடையாள எண்) கொடுங்கள். நோயாளர் விவரம் போன்ற தடை இருந்தால் காரணத்தையும், கட்டுரையாசிரியர் அல்லாத ஒருவரின் தொடர்பு விவரத்தையும் எழுதுங்கள். நெறிமுறைக் குழு அலுவலகம் போதும்.