இடம் விடுங்கள்: பலகை, நோட்டீஸ் கேள்வி-பதில்

கே: நல்ல தமிழ் எழுத்துரு எது? (தங்கச்சிமடம் வாசகர்)

ப: எதற்கு என்று எழுதவில்லை. வலைக்கடையில் போய் நல்ல வலை கேட்டால், நண்டுக்கா சாளைக்கா என்று திருப்பிக் கேட்பார்கள். நானும் கேட்கிறேன்: கல்யாணப் பத்திரிகைக்கா, கடைப் பலகைக்கா?

கே: ராமேஸ்வரம் போகிற வண்டிகள் எங்கள் கருவாட்டுக் கடைப் பலகையைக் கவனிப்பதில்லை. நிறத்தை மாற்றலாமா? (மண்டபம்)

ப: நிறம் பிறகு. எழுத்தின் உயரத்தை அளந்தீர்களா? 1 அங்குல எழுத்தை 10 அடியிலிருந்து சிரமமின்றிப் படிக்கலாம் என்பது ஆங்கில எழுத்துக்கான பழைய கணக்கு. நம் ‘ணை’, ‘ஞை’ சுழிகளுக்கு இன்னும் கூட்ட வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் வருகிறவர் நொடிக்கு 50 அடிக்கு மேல் கடக்கிறார். ஓரடி உயரத்தில் எழுதினாலும் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நொடி. ‘கருவாடு’ என்ற ஒரு சொல் போதும். ‘தரமான’, ‘சுவையான’ எல்லாம் கடைக்குள் மாட்டுங்கள்.

கே: பச்சையில் சிவப்பு எழுத்து எடுப்பாகத்தானே இருக்கும்? (கீழக்கரை)

ப: இருக்காது. நூறு ஆண்களில் நாலைந்து பேருக்காவது இவ்விரு நிறங்களைப் பிரித்தறிவதில் சிக்கல் உண்டு. பலகையைக் கைபேசியில் படமெடுத்துக் கறுப்பு-வெள்ளையாக்கிப் பாருங்கள். எழுத்து மறைந்தால் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

கே: விடுதியின் 8-க்கு 4 அடி ஃபிளெக்ஸில் பாதி இடம் சும்மா கிடக்கிறது என்று முதலாளி திட்டுகிறார். எதைக் கொண்டு நிரப்புவது? (ராமேஸ்வரம்)

ப: எதைக் கொண்டும் நிரப்பாதீர்கள். தூரிகைக் காலத்தில் எழுத்துக் கணக்கில் கூலி வாங்கினோம். ‘ஸ்ரீ’ வேண்டுமா என்றுகூட யோசித்துச் சொல்வார்கள். ஃபிளெக்ஸுக்குச் சதுர அடிக் கணக்கு. எழுத்து இலவசமாகிவிட்டது, அன்று பிடித்தது இந்த வியாதி. கோபுரம், பாம்பன் பாலம், சூரிய உதயம், முதலாளியின் சிரிப்பு, ஆறு கைபேசி எண்கள். ஒரு விடுதிக்குப் பெயர், வாடகை, எண் மூன்றை மட்டும் அமைத்துக் கொடுத்தேன். அச்சாகி வந்தபோது மீதி இடத்தில் இரண்டு டால்பின்கள் துள்ளிக்கொண்டிருந்தன!

விடியற்காலை ரயிலில் இறங்கிப் பெட்டியோடு நடந்து வருகிறவர் தேடுவது, இது விடுதியா, அறை உண்டா, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை. பெயரைப் பெரிதாகவும், இந்தியையும் தெலுங்கையும் அதில் பாதி அளவிலும் வையுங்கள். எண்ணையும் அம்பையும் பக்கத்தில் பக்கத்தில் சேருங்கள். நாலு ஓரமும் அரைச் சாண் விடுங்கள். முதலாளிக்கு வீணாகத் தெரியும் அந்த இடத்தால்தான் பெயர் கண்ணில் படுகிறது.

கே: வானிலை எச்சரிக்கைச் சுற்றறிக்கையை முழுதாக ஒட்டுகிறோம். யாரும் படிப்பதில்லை. (பாம்பன்)

ப: உங்கள் துறைமுகத்திலேயே வாத்தியார் இருக்கிறார்: புயல் கூண்டு. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகள். 1 முதல் 11 வரை வாக்கியமே இல்லாமல் சொல்லிவிடுகிறது. ‘கடலுக்குப் போகாதீர்கள்’ என்று மேலே பெரிதாக, அடுத்து தேதி. சுற்றறிக்கை அதற்குக் கீழே தொங்கட்டும்.

கே: எழுத்தை அகலமாக இழுத்து இடத்தில் பொருத்தலாமா? (தொண்டி)

ப: கூடாது. சென்ற முறையும் நீங்கள்தான் கேட்டீர்கள்.