கிளட்ச் பிளேட் மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: 50,000 கி.மீ. ஓடிய காரில் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது (இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, வண்டிக்கு இழுவை வருவதில்லை). பிளேட் மட்டும் மாற்றினால் போதுமா, முழு செட்டும் மாற்ற வேண்டுமா? ஓட்டத் தெரியாததால்தான் இவ்வளவு சீக்கிரம் போனது என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?

முழு செட்டாகவே மாற்றிவிடுங்கள். பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றும் கியர் பாக்ஸை இறக்கினால்தான் கைக்கு எட்டும். பேரிங்கில் மிச்சம் பிடித்து, பிறகு அது கத்த ஆரம்பித்தால் இறக்கி ஏற்றும் கூலியை மறுபடியும் தண்டம் அழ வேண்டும்.

கேள்வியின் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. நீங்கள் பெண்ணாக இருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஆணாக இருந்தால் மன்னிக்கவும். ஆண்களிடம் யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு வீடு பொள்ளாச்சியில், ஆசிரியை வேலை வால்பாறையில். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தேன். இரண்டாம் கியரில் மிதிக்க மிதிக்க இன்ஜின்தான் அலறுகிறது, வண்டி ஏற மறுக்கிறது. கூடவே கருகிய வாடை. அது பிரேக் வாடையாக இருக்கும் என்று யாராவது எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: ஏற்றத்தில் யார் பிரேக் பிடிப்பார்கள்?

மெதுவாக இறக்கிக் கொண்டுவந்து ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் நிறுத்தினேன். அங்கிருந்த பையன் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவீர்களா மேடம்?" என்றான். கூட வந்த என் மைத்துனர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அரை கிளட்ச்சில் வண்டியைத் தாங்கிப் பிடித்தால் பிளேட் தேயும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஏற்றத்தில் நின்றால் ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் நான் எடுப்பேன்.

வண்டியைத் திருப்பி எடுத்து, எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். அவர் கியர் பாக்ஸை இறக்கும்போது பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகள் கழன்றதும் கிளட்ச் பிளேட் கையோடு வந்தது. தேய்ந்த பிளேட்டில் ரிவெட் தலைகள் ஏறக்குறைய லைனிங்கின் (பிளேட்டின் மேல் ரிவெட் அடித்துப் பொருத்திய உராய்வுப் பட்டையின்) மட்டத்துக்கு வந்துவிடும். இதில் ரிவெட் குழிக்குள் என் நகம் தாராளமாக இறங்கியது, அதாவது பிளேட் அவ்வளவாகத் தேயவில்லை. ஆனால் லைனிங் கறுத்து, ஈரமாக மின்னியது. தொட்ட விரலில் பிசுபிசுப்பு. பிளேட் உரசிப் பிடிக்கும் ஃபிளைவீல் சக்கரத்தையும் கழற்றிவிட்டு அண்ணன் டார்ச் அடித்துக் காட்டினார். "கிராங்க் ஆயில் சீல் கசிகிறது பாருங்கள் அம்மணி. எண்ணெய் குடித்த பிளேட் எப்படிப் பிடிக்கும்?"

இன்ஜின் எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்கிற, சில நூறு ரூபாய் சீல். அதை மாற்றாமல் புது செட்டைப் பூட்டியிருந்தால் அதுவும் எண்ணெய் குடித்திருக்கும், பழி மறுபடியும் என் காலுக்கே வந்திருக்கும். பழைய பிளேட்டை வாங்கி வந்து மைத்துனர் பார்க்கிற இடத்தில் வைத்தேன். அவர் பேச்சை மாற்றினார்.

எல்லா கிளட்ச்சும் சீலால்தான் போகிறது என்று நான் சொல்லவில்லை. தேய்வதும் உண்டு, கிளட்ச் தேயும் பொருள்தான், வாரண்டியில்கூடப் பொதுவாகச் சேர்க்கமாட்டார்கள். டூயல் மாஸ் ஃபிளைவீல் (அதிர்வைக் குறைக்க இரண்டு பாகமாகச் செய்த, விலை கூடிய ஃபிளைவீல்) உள்ள டீசல் வண்டிக்காரர்களும் சண்டைக்கு வர வேண்டாம், உங்கள் செலவுக் கணக்கே வேறு.

இன்னொன்று. எதையும் சரிசெய்யாமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்த அந்த சர்வீஸ் சென்டரிலிருந்து மறுநாள் போன்: "10க்கு 10 போடுங்கள் மேடம், குறைந்தால் எனக்குத்தான் திட்டு விழும்." கூரியர்காரருக்கு மதிப்பெண், மருத்துவமனைக்கு மதிப்பெண், கேஸ் சிலிண்டருக்கு மதிப்பெண். விடைத்தாள் திருத்தியே கண் போகிறது, ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நான்தான் மதிப்பெண் போட வேண்டுமா? கேட்கிறவரும் பாவம், அவரை அப்படிக் கேட்க வைத்தவர்கள் போனை எடுப்பதே இல்லை.

உங்கள் வண்டியின் கிளட்ச் கேபிளா, ஹைட்ராலிக்கா என்று நீங்கள் எழுதவில்லை. கேபிள் என்றால் பெடலில் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் லேசாக இறங்கும் இடைவெளி) இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கேபிள் இறுக்கமாக இருந்தால் நல்ல பிளேட்டும் ஸ்லிப் ஆகும். நட்டைத் திருகிச் சரிசெய்த பிறகு சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, நான்காம் கியர் போட்டு, கிளட்ச்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் மட்டும் கியர் பாக்ஸை இறக்கச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் இருங்கள்.